பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாடு கிளம்பும் முன் இணையத்தில் வாங்க வேண்டிய பயண அனுமதி (இ.டி.ஏ. என்கிறார்களே, அதுதான்) பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். போட்டோ உள்ள பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

குடும்பத்தோடு இலங்கை போகிறோம். என் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்ற இடம் காலியாக இருக்கிறது. படிவமோ சர்நேம் போடாமல் அடுத்த பக்கம் போக மாட்டேன் என்கிறது. ஆதாரில் இனிஷியலோடு இருக்கிற பெயரைப் போட்டுவிடலாமா?
– வாசகர், பாலக்கோடு

போடாதீர்கள். ஆதார், பான், ரேஷன் கார்டு எதையும் இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். கவுன்ட்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் தேய்க்கிறார். இயந்திரம் முதலில் படிப்பது போட்டோவுக்குக் கீழே இருக்கும் இரண்டு வரிகளைத்தான். அங்கே இருக்கும் பெயரும் எண்ணும் பிறந்த தேதியும் அனுமதியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். உங்களை ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

அந்த முதல் வரியைப் பாருங்கள். நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து பெயர் வரும். பறவை அலகு மாதிரி ஒரு குறி நடுநடுவே இருக்கும். ஓர் அலகு என்றால் வார்த்தைக்கு நடுவே இடைவெளி. இரண்டு அலகு சேர்ந்து வந்தால் அதற்கு முன்னால் இருப்பது சர்நேம், பின்னால் இருப்பது கொடுக்கப்பட்ட பெயர் (பாஸ்போர்ட்டில் 'கிவன் நேம்'). நம் பக்கத்தில் 'சி. முருகன்' என்பவர் பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து 'முருகன் சின்னசாமி' என்று மொத்தத்தையும் கொடுக்கப்பட்ட பெயராகவே போட்டுவிட்டு, சர்நேமைக் காலியாக விட்டிருப்பார். சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

சர்நேம் கட்டாயம் என்று படிவம் கேட்டால் முதலில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்க விசா படிவத்தில் முழுப் பெயரையும் சர்நேமில் எழுதி, மற்றப் பெட்டியில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்வார்கள். கனடாவில் முழுப் பெயரும் சர்நேமில் வரும், மற்றது காலி. குறிப்பே இல்லாத படிவம் என்றால் முழுப் பெயரையும் சர்நேம் பெட்டியில் எழுதுங்கள். பிரிக்க முடியாத பெயரை முதன்மைப் பெயராகக் கொள்வதுதான் பாஸ்போர்ட்டுக்கான சர்வதேச விதி. இரண்டு பெட்டியும் கட்டாயம் என்றால் அதே பெயரை இரண்டிலும் எழுதுவதே வழக்கம். புள்ளி, கோடு, 'இல்லை' என்றெல்லாம் எழுதி ஏமாற்றப் பார்க்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரை நீங்களாகச் சேர்ப்பது அதைவிட மோசம். விமான டிக்கெட்டிலும் இதே பெயர்தான் வர வேண்டும்.

இலங்கை அனுமதி பொதுவாக 30 நாளுக்கு. வந்து இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி அனுமதி. இன்னொரு விஷயம்: 2024 ஏப்ரலில் இலங்கை இந்த வேலையை வேறொரு தளத்துக்கு மாற்றியது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகு, செப்டம்பர் கடைசியில் பழைய இ.டி.ஏ. தளமே திரும்பி வந்தது. ஆகவே அந்தச் சமயத்து வாட்ஸ்அப் லிங்க்குகளை நம்பாதீர்கள். கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறியிருப்பதால், போடுகிற நாளில் அரசுத் தளம் காட்டுகிற தொகைதான் கணக்கு.

துபாய் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவை 2022 நவம்பரிலிருந்து அமீரகம் ஏற்பதில்லை. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சமாளிக்கலாம். அடிக்கடி வெளியூர் போகும் உத்தேசம் இருந்தால், பெயரைச் சர்நேமும் கொடுக்கப்பட்ட பெயருமாகப் பிரித்து பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்துவிடுவதே நிம்மதி.

ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா போட்டிருக்கிறோம். கென்யாவில் நைவாஷா ஏரியைச் சுற்றி இருக்கும் பண்ணைகளைப் பார்க்க மூன்று பேர் கிளம்புகிறோம். இன்னும் 20 நாள்தான். கென்யாவுக்கு விசாவே வேண்டாமாமே?
– வாசகர், ஓசூர்

விசா 2024 ஜனவரியில் நீக்கப்பட்டது உண்மை. அந்த இடத்தில் இ.டி.ஏ. வந்துவிட்டது. ஆளுக்கு 30 டாலர், அதற்கு மேல் கார்டு கட்டணம் கொஞ்சம். பயணத்துக்கு 3 மாதம் முன்பிருந்தே போடலாம், குறைந்தது 3 நாள் முன்னதாகவாவது போட வேண்டும் என்பது விதி. நீங்கள் ஒரு வாரமாவது கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். 'இன்னொரு முறை போட்டோ அனுப்பு' என்று மெயில் வந்தால் அதற்கும் நேரம் வேண்டுமே.

ஆனால் உங்களுக்கு உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் இ.டி.ஏ. அல்ல, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா போய்த் திரும்புகிறவரிடம் இந்திய விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமையில் வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. சாதாரண ஆஸ்பத்திரியில் இந்த ஊசி கிடைக்காது, அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பெங்களூரிலும் மையம் உண்டு. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, முன்கூட்டி நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். முதலில் ஊசி, அப்புறம் படிவம்.

படிவத்தில் கேட்பவை: பாஸ்போர்ட் விவரப் பக்கம், முகத்தின் போட்டோ, போக வர டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு. வந்த காரணம் என்ற இடத்தில் நீங்கள் 'வியாபாரம்' என்று போட்டு, பண்ணையிலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தைச் சேர்ப்பதுதான் சரி. சுற்றுலா என்று போட்டுவிட்டு, பெட்டியில் தண்டுக் குச்சியும் விலைப்பட்டியலுமாக இறங்கினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதிகம் திரும்பி வருவது பாஸ்போர்ட் படம்தான். பிளாஷ் போட்டு எடுத்தால் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் பளபளத்து, எண்ணின் மேலேயே வெள்ளைத் திட்டு விழும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வாசல் திண்ணையில், நேர் வெயில் படாத இடத்தில், கறுப்புத் துணி விரித்து அதன்மேல் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். நான்கு மூலையும் தெரிய வேண்டும், கீழ் இரண்டு வரியும் முழுசாக வர வேண்டும், பிடிக்கிற கட்டைவிரல் எந்த எழுத்தையும் மறைக்கக்கூடாது. ஜெராக்ஸ் கடையில் முதல் பக்கத்தையும் முகவரிப் பக்கத்தையும் சேர்த்து ஒரே தாளில் ஸ்கேன் பண்ணித் தருவார்களே, அது இங்கே உதவாது.

எண்ணைத் தட்டும்போது ஒரு கணக்கு. பெரும்பாலான இந்தியப் பாஸ்போர்ட்டுகளில் முதலில் ஓர் எழுத்து, பிறகு 7 இலக்கம். அப்படியென்றால் முதல் எழுத்துக்குப் பின் வட்டமாக வருவதெல்லாம் பூஜ்யம்தான், 'ஓ' அல்ல. கீழ் இரண்டாவது வரியைப் பார்த்து அடிப்பவர்கள், அலகுக் குறிக்கு அப்புறம் வரும் ஒற்றை இலக்கத்தையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். அது இயந்திரம் சரிபார்க்கிற இலக்கம், உங்கள் எண்ணில் சேராது. அதே வரியில் பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். படிவம் மாதத்தை முதலில் கேட்கிறதா, நாளை முதலில் கேட்கிறதா என்று பாருங்கள். 5-7 என்பது ஜூலையா மேயா என்பதில் எத்தனையோ அனுமதி வீணாகியிருக்கிறது.

மலேசிய 'டிஜிட்டல் அட்டை'க்கு கூகுளில் முதலில் வந்த தளத்தில் நான்கு பேருக்கும் பணம் கட்டினோம். இப்போது அது இலவசம் என்கிறார்கள். பணம் திரும்புமா?
– வாசகி, கிருஷ்ணகிரி

இலவசம்தான். மலேசியாவின் வருகை அட்டை, சிங்கப்பூரின் வருகை அட்டை, 2025 மே முதல் தாய்லாந்து கேட்கிற அட்டை, மூன்றுக்கும் பைசா கிடையாது. மூன்றையும் போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் போட முயல்வது வீண் வேலை. சிங்கப்பூர் அட்டையை விசா என்று நினைத்துவிடாதீர்கள், நமக்கு அங்கே விசா தனியாக வேண்டும்.

தேடும்போது 'விளம்பரம்' என்ற குறியோடு மேலே வருவது பெரும்பாலும் தனியார் தளம். கொடி, முத்திரை எல்லாம் அரசு மாதிரியே போட்டிருப்பார்கள். முகவரியின் வாலைப் பாருங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்றால் 'ஜி.ஓ.வி.' புள்ளி அந்த நாட்டின் இரண்டெழுத்து. கென்யாவும் தாய்லாந்தும் 'ஜி.ஓ.வி.'க்குப் பதில் 'ஜி.ஓ.' என்று மட்டும் போட்டு, பிறகு நாட்டின் இரண்டெழுத்தைப் போடுகின்றன. 'காம்', 'ஆர்க்' என்று முடிந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

'சேவைக் கட்டணம்' என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தால் பணம் திரும்புவது கடினம். இருந்தாலும் வங்கியில் எழுதிக் கேளுங்கள். அட்டையே வரவில்லை என்றால் அது மோசடி, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே சொல்லுங்கள். எதற்கும் அரசுத் தளத்தில் நான்கு பேருக்கும் மறுபடி ஒருமுறை போட்டுவிடுங்கள்.

எல்லாம் நிரப்பிவிட்டேன், பணம் கட்டும் இடத்தில் கார்டு மூன்று முறை தோற்றுவிட்டது. கணக்கில் பணம் இருக்கிறது.
– வாசகர், அரூர்

கார்டில் 'வெளிநாட்டுப் பரிவர்த்தனை' மூடியிருக்கும். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். வங்கி ஆப்பில் போய் 'இன்டர்நேஷனல்', 'ஆன்லைன்' இரண்டையும் திறந்து, வரம்புத் தொகையும் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். ரூபே கார்டை எல்லாத் தளமும் எடுக்காது, விசா அல்லது மாஸ்டர் கார்டு பாதுகாப்பு. பணம் போய், பக்கம் உறைந்து நின்றால் உடனே மறுபடி கட்டாதீர்கள். விண்ணப்ப எண்ணை வைத்து நிலையைப் பார்த்து, மெயிலில் ஸ்பாம் பெட்டியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் பத்தாவது முடிக்கவில்லை. பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறி) இருக்கிறது. மலேசியாவுக்கு விசாவே வேண்டாம், அட்டையைப் போட்டு அனுப்புகிறேன், போனதும் வேலை தயார் என்கிறார் ஒரு ஏஜென்ட்.
– வாசகர், பென்னாகரம்

போகாதீர்கள். இந்தியருக்கு மலேசியா விசா இல்லாமல் விடுவது சுற்றிப் பார்க்க, 30 நாளுக்கு. 2026 டிசம்பர் 31 வரை அந்தச் சலுகை. அதில் போய் வேலை பார்த்தால் அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம், பிடிபட்டால் காவல், அபராதம், திருப்பி அனுப்பல். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கவும் வாய் இருக்காது.

இ.சி.ஆர். உள்ளவர் வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஊர் பார்க்கப் போனால் அந்த அனுமதி தேவையில்லை. ஏஜென்ட் விளையாடுவது இந்த இடைவெளியில்தான். வேலைதான் நோக்கம் என்றால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்று பெயரையும் பதிவு எண்ணையும் வைத்துப் பாருங்கள். வேலை விசாவும் ஒப்பந்தமும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் பிறந்த பேரன் எங்களோடு லண்டன் வருகிறான். அவனுக்கு எதுவும் வேண்டாம்தானே?
– வாசகி, காவேரிப்பட்டணம்

வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர்களுக்கு 2025 ஜனவரி 8 முதல் பிரிட்டன் இ.டி.ஏ. கட்டாயம், குழந்தைக்கும் உண்டு. ஒருமுறை வாங்கினால் 2 ஆண்டு செல்லும், அதற்குள் பாஸ்போர்ட் மாறினால் அதுவும் முடிந்தது. உங்கள் இருவருக்கும் இ.டி.ஏ. கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முழு விசாதான், நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் பேரனை விட நீங்கள்தான் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

ஹாங்காங்கில் இரண்டு நாள் தங்கி இயந்திரம் பார்க்க வேண்டும். போவதற்கு முன் இணையத்தில் செய்யும் வருகைப் பதிவை (முன்பதிவு) முடித்து அனுமதி வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு பாஸ்போர்ட் புதுப்பித்தேன். பழையதையும் கூட எடுத்துப் போனால் போதுமா? போனில் காட்டலாமா?
– வாசகர், தருமபுரி

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். இந்த அனுமதிகள் எல்லாமே ஆளோடு அல்ல, பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. எண் மாறியதும் பழையது செல்லாது. புதிய எண்ணை வைத்து மறுபடி போடுங்கள். இந்தியருக்கான ஹாங்காங் முன்பதிவு இலவசம், முடிவும் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கிடைத்தால் 6 மாதத்துக்குச் செல்லும், ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம். கிடைக்காவிட்டால் விசாவுக்கு எழுத வேண்டியதுதான்.

மற்ற பல நாடுகளில் போனில் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள். ஹாங்காங் அப்படியில்லை: அறிவிப்புச் சீட்டை வெள்ளை ஏ4 தாளில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போக வேண்டும். பெங்களூர் விமான நிலையக் கவுன்ட்டரில் கேட்பதும் அந்தத் தாளைத்தான். அச்செடுத்ததும் பாஸ்போர்ட்டின் கீழ் வரிகளோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.