துளையிடும் இயந்திரத்துக்கு மரமேசை: வாங்கலாமா, செய்யலாமா?

கேள்வி: வீட்டு கராஜில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு மரத்தில் காவடிச் சட்டங்கள் செய்து தருவேன். மயிலிறகு செருகும் துளைகள் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் அமைய வேண்டும். என் டிரில் பிரஸின் வார்ப்பிரும்பு மேசையோ மிகச் சிறியது. தடுப்புக் கட்டையும் கிளாம்ப்பும் நகர்த்தி வைக்கக்கூடிய வெளிநாட்டு மேசை ஒன்று இணையத்தில் விற்கிறது. விலை, இயந்திரத்தின் விலையில் பாதி. வாங்கலாமா?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: வாங்க வேண்டாம். காவடிச் சட்டம் செய்யும் கைக்கு இது எளிய வேலை. ஆயத்த மேசை எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவாகச் செய்யப்படுவது. உங்களுடையதைப் போல மேசைமேல் வைக்கும் சிறிய இயந்திரத்தில், ஏற்றி இறக்கும் கைப்பிடி மேசைக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் இருக்கும். அகலமான பலகையை மேலே பூட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் விரல் முட்டிகள் பலகையின் அடியில் இடிக்கும். நீங்களே செய்தால், பலகைக்கும் இரும்பு மேசைக்கும் நடுவே இரண்டு ரீப்பர் கட்டைகளைக் கொடுத்து உயர்த்திவிடலாம்.

முதலில் துளைமுனையின் மையத்திலிருந்து தூண்வரை அளந்துகொள்ளுங்கள். பெட்டியில் அச்சிடுவது, நடுவில் துளையிடக்கூடிய பலகையின் முழு அகலம். அது 250 மி.மீ. என்று இருந்தால் துளைமுனைக்கும் தூணுக்கும் இடையே உங்களுக்குக் கிடைப்பது அதில் பாதி, 125 மி.மீ. மட்டுமே. இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு வருந்துபவர்கள் பலர். 600 மி.மீ. அகலம், 400 மி.மீ. ஆழம் போதுமானது. அதைவிடப் பெரிதாக்கினால் ஓரத்தில் பாரம் ஏறும்போது இரும்பு மேசையே தொய்ந்துவிடும். தூணுக்காகப் பின்பக்கம் அரைவட்டமாக வெட்டிவிடுங்கள்.

பலகைக்கு, நம் ஊரில் சூப்பாவுட் என்று கேட்டு வாங்கும் எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, நல்லது. 16 மி.மீ. பலகைகள் இரண்டை ஒட்டினால் 32 மி.மீ. கனம் கிடைக்கும். முழுத் தாள் 2750-க்கு 1830 மி.மீ. அளவில் வரும், உங்களுக்கு அதில் ஒரு மூலை போதும். பலகைக் கடையில் வெட்டி மீந்த துண்டுகளைக் கேளுங்கள். சொன்ன விலையில் 15 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். மெலமைன் ஒட்டிய சிப்போர்டு வழவழப்பாகக் கண்ணைக் கவரும். ஆனால் அது திருகாணியைப் பிடித்துக்கொள்ளாது; தடுப்புக் கட்டையும் கிளாம்ப்பும் நகர்வதற்காகப் பலகையில் பதிக்கும் அலுமினியத் தடம் சில மாதங்களில் ஆட ஆரம்பித்துவிடும்.

துளைமுனை இறங்கும் இடத்தில் 80 மி.மீ. சதுரக் குழி எடுத்து, கழற்றி மாற்றக்கூடிய துண்டு ஒன்றைப் பொருத்துங்கள். மரத்தின் அடிப்பக்கம் சிம்பு பிய்வது இதனால்தான் நிற்கிறது. துண்டு நைந்ததும் திருப்பிப் போடலாம். நான்கைந்து துண்டுகளை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் அலுமினியத் தடம். அதிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. அமெரிக்க அளவுத் தடங்கள் பல, கால் அங்குல போல்ட்டுக்காக ஆனவை. அந்த போல்ட்டின் அறுகோணத் தலை சுமார் 11 மி.மீ. அகலம். நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எம்8 போல்ட்டின் தலை 13 மி.மீ.; அது அந்தத் தடத்துக்குள் நுழையாது. எனவே கையில் ஒரு போல்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பொருத்தி முடித்ததும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வளைத்த கம்பி ஒன்றை, துளைமுனையைப் பிடிக்கும் சக்கில் மாட்டி, அதன் நுனி பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துக் கையால் சுற்றுங்கள். நான்கு பக்கமும் ஒரே இடைவெளி இருந்தால் மேசை நேராக இருக்கிறது. இல்லையென்றால் தாழ்ந்த பக்கத்தில் ரீப்பருக்கு அடியில் மெல்லிய தகடு கொடுங்கள்.

கேள்வி: இதே போன்ற மேசையை ஒரு தச்சுக் கடையில் சொல்லிச் செய்தேன். மேலே ஃபார்மைக்கா ஒட்டித் தந்தார்கள். மூன்று மாதத்தில் நடுப்பகுதி குழிந்துவிட்டது. "டர்பன் ஈரக்காற்றுக்கு நாங்கள் பொறுப்பில்லை, சொல்லிச் செய்த பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார்கள்.
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: அம்மா, விட்டுக்கொடுக்காதீர்கள். பலகையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஃபார்மைக்காவோ வார்னிஷோ இல்லாமல் வெறும் மரமாக இருந்தால் காரணம் அதுதான். மூடிய மேல்பக்கம் ஈரத்தை வாங்காது, மூடாத அடிப்பக்கம் வாங்கி உப்பும், பலகை குழியும். இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும் என்பது தச்சுத் தொழிலின் பாலபாடம். கடலோர ஊரில் கடை நடத்துபவர் ஈரக்காற்றைச் சாக்குச் சொல்ல முடியாது.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதன் 56-ஆம் பிரிவின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அவர்கள் செலவிலேயே திருப்பி அனுப்பலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று முடிவு செய்யும் உரிமை உங்களுடையது. பழுது பார்த்துத் தந்து, அடுத்த மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு வந்தால் மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். சொல்லிச் செய்த பொருளை மனம் மாறித் திருப்ப முடியாது என்பது உண்மை. குறையுள்ள பொருளுக்கு அந்த வாதம் செல்லாது.

நேராக வைத்த அளவுகோலின் அடியில் இடைவெளி தெரியும்படி படம் எடுத்து, கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுங்கள், கட்டணம் கிடையாது. இனி எதைச் சொல்லிச் செய்தாலும், எதற்காக என்பதை முன்பண ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நோக்கத்தைக் கடைக்காரரிடம் குறிப்பாகச் சொல்லி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 55-ஆம் பிரிவு சொல்கிறது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கிளாம்ப்புகள் வேண்டாம் என்று தோன்றுகிறது. குறை எதுவும் இல்லை. திருப்பலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உள்நாட்டு இணையக் கடை என்றால், பொருள் கிடைத்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம் தரும் உரிமை அது. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. பெட்டியைச் சேதமில்லாமல் வைத்திருந்து, இன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்.