மகளின் பல் எனாமல்: முற்பணம் கட்ட முன்னர்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் அரச பாடசாலை ஆசிரியை நான். ஒன்பது வயது மகளுக்கு 'அமெலோஜெனெசிஸ் இம்பெர்ஃபெக்டா', அதாவது பல்லின் மேற்பூச்சான எனாமல் பிறவியிலேயே சரியாக உருவாகாத நோய் என்று சொன்னார்கள். பற்கள் மஞ்சளாகித் தேய்கின்றன, குளிர்தண்ணீர் பட்டாலே அழுகிறாள். எல்லாப் பற்களுக்கும் உறை போட வேண்டும், பாதிப் பணத்தை இப்போதே கட்டுங்கள் என்கிறது ஒரு தனியார் கிளினிக். அரச ஊழியர்களுக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதியில் இதை அழகுச் சிகிச்சை என்று தள்ளிவிடுவார்களோ என்று பயம்.

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள், அம்மா. ஒன்பது வயதில் பாற்பற்கள் பாதி இன்னும் விழவில்லை. விழப்போகிற பல்லுக்கெல்லாம் விலைகூடிய உறை எதற்கு? புதிதாக முளைத்த பல்லில் நரம்பறை பெரிது, அதிகம் செதுக்கினால் நரம்பு பாதிக்கப்படும். பொதுவாக இந்த வயதில் கடைவாய்ப் பற்களுக்கு எஃகு உறை, முன்பற்களுக்குப் பல் நிறப் பூச்சு, அத்துடன் பல்லை உறுதிப்படுத்தப் பூசும் ஃபுளோரைட் வார்னிஷ். நிரந்தர உறை பதின்வயது முடியும்போதுதான்.

முதலில் நோயை உறுதிப்படுத்துங்கள். அநுராதபுரம் பக்கம் கிணற்றுநீரிலுள்ள ஃபுளோரைட்டாலும் பல் பழுப்பாகும், இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. பாற்பற்களும் இப்படித்தான் முளைத்தனவா, குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்பதை எழுதிக்கொண்டு போங்கள். பழைய எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்குங்கள்.

கொழும்பு 7, வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அரச வைத்தியசாலை, சிகிச்சை இலவசம். காத்திருப்பு நீளும், அதற்காக மனம் தளர வேண்டாம். அங்கு விசேட வைத்திய நிபுணரிடம், இது பிறவியிலேயே வந்த மரபணு நோய், வலிக்காகவும் பல்லைக் காப்பாற்றவும் சிகிச்சை தேவை என்று கடிதம் கேளுங்கள். 'அழகுக்காக' என்ற சொல் எந்தத் தாளிலும் வந்துவிடக் கூடாது. அக்கடிதத்துடன், சிகிச்சை தொடங்க முன்னரே அக்ரஹாரவை நடத்தும் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்திடம் எழுத்தில் விசாரியுங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

அப்புறமும் தனியாரிடம்தான் போவதென்றால் சரி, எந்தப் பல்லுக்கு என்ன உறை, எவ்வளவு, கழன்றால் யார் பொறுப்பு என்று பல் பல்லாக எழுதிக் கேளுங்கள். வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா என்றும் பாருங்கள். பில் தர மறுத்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள்.

இன்றிரவே ஒன்று: பல் துலக்க வெதுவெதுப்பான நீரைக் கொடுங்கள். பிள்ளை பற்கூச்சத்துக்குப் பயந்து துலக்காமல் விட்டால் பல் இன்னும் கெட்டுவிடும்.