முழங்கால் ஆழ ஆற்றில் கயாக்: எழுந்து நிற்பதில்தான் ஆபத்து

கேள்வி: மழைக்குப் பிறகு சேலத்தில் ஓடும் திருமணிமுத்தாற்றில் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்ட என் மகனும் நண்பர்களும் ஓர் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டியிருக்கிறார்கள். “முழங்கால் அளவுத் தண்ணீர்தான், கவிழ்ந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம்” என்கிறார் அவர். அனுப்பலாமா? (கொண்டலாம்பட்டி வாசகி)

பதில்: அப்படிச் சொன்னவரோடு அனுப்ப வேண்டாம், கட்டிய பணத்தைத் திரும்பக் கேளுங்கள். வேகமாக ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கும்போது பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், பின்னாலிருந்து தள்ளும் நீர் ஆளைக் குப்புறச் சாய்த்து அழுத்திவிடும். இடுப்பளவு ஆழத்திலும் தலை மூழ்கிவிடும். கவிழ்ந்தவர் மல்லாந்து, பாதங்களை நீர்மட்டத்துக்கு உயர்த்தி, கால்கள் நீரோட்டத் திசையில் இருக்கும்படி மிதந்து, கைகளால் துழாவிக் கரையோரம் ஒதுங்க வேண்டும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கி, இழுவையும் அடங்கிய பிறகே எழலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் இதைச் சொல்லித் தருவதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். விழுந்த மரமோ சீமைக்கருவேலப் புதரோ குறுக்கே கிடந்து, தண்ணீர் அதனூடே வடிந்து ஓடினால், கால் நீட்டி மிதப்பவர் கிளைகளுக்கு அடியில் இழுக்கப்படுவார். பக்கவாட்டில் நீந்தித் தப்ப முடியாதென்று தெரிந்ததுமே குப்புறத் திரும்பி, தலை முன்னே இருக்க வேகமாக நீந்திப் போய், கிளையைப் பற்றி உடம்பை மேலே ஏற்றிவிட வேண்டும். கட்டடக் கழிவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளும் இப்படியே ஆளைச் சிக்கவைக்கும். அவற்றைக் கண்டால் தூரத்திலேயே கரையேறிவிட வேண்டும்.

தடுப்பணையின் மேல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. மேலிருந்து சிறு படி போலத் தெரிந்தாலும், கீழே விழும் நீர் அணையை நோக்கியே திரும்பிச் சுழன்று, லைஃப் ஜாக்கெட் அணிந்தவரையும் விடாமல் பிடித்துவைக்கும். அணைக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை நடச் சொல்லி மனு கொடுத்தால், அது எந்தத் துறையின் வேலை என்பதிலேயே மாதங்கள் ஓடுகின்றன. ஆகவே முதல் நாளே கரையோரம் நடந்து பார்த்துவிடுவதுதான் வழி.

சாகச முகாம் என்ற பெயரில் வசூல் செய்பவர்கள் தரும் பொருள்களை நம்பிவிடாதீர்கள். ஜாக்கெட்டின் வார்களை இறுக்கிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை ஏறினால் ஆற்றில் கழன்றுவிடும். பைக் ஹெல்மெட் தண்ணீரை அள்ளிக் கழுத்தை இழுக்கும். கயாக்கைக் கணுக்காலோடு கயிற்றால் கட்டுகிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்கவே கூடாது. கயிறு பாறையில் மாட்டினால் ஆள் நீருக்கடியில் நின்றுவிடுவார். மீட்புக்கு எறியும் கயிறு யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். பதிலாக “பொறுப்பு எங்களுடையதல்ல” என்ற தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

திருமணிமுத்தாறு ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலமோ 300 மீட்டருக்கும் கீழே. நகரில் வெயில் அடித்தாலும், மலையில் மழை பெய்தால் ஆறு விரைவில் பெருகும். நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே கரையேற வேண்டும்.

சாக்கடை கலக்கும் ஆறு என்பதால், காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம். இறங்கிய பின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.