எல்லா நாளிதழிலும் ஒரே செய்தி வரிக்கு வரி வருகிறதே, செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுப்பது யார்?

இரண்டு நாளிதழ்களை அருகருகே வைத்துப் படித்துவிட்டுத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். அது காப்பியடித்தது அல்ல. இரண்டு பேருமே ஒரே இடத்தில் சந்தா கட்டியிருக்கிறார்கள்.

அந்த இடம் பி.டி.ஐ. (பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா) போன்ற செய்தி நிறுவனம். அது 1947 ஆகஸ்டில் சென்னையில் பதிவானது. பிரிட்டனின் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் கையில் இருந்த அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவின் இடத்தில் 1949-இல் வேலையைத் தொடங்கியது. பங்குதாரர்கள் நாளிதழ்களே, லாபம் பிரிப்பதில்லை. ஒவ்வொரு பத்திரிகையும் கவுகாத்திக்கும் ஜெனீவாவுக்கும் தனித்தனியே நிருபர் வைத்துக் கட்டுப்படியாகாது என்பதால் செலவைப் பகிர்ந்து ஒரே ஆளை வைக்கிறார்கள். 1846-இல் தொடங்கிய அமெரிக்காவின் ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ்) நிறுவனமும் இப்படியான கூட்டுறவுதான்.

ஆனால் பெரிய பணம் பத்திரிகைகளிடம் இல்லை, சந்தையில் இருக்கிறது. 1973-இல் ராய்ட்டர்ஸ் கொண்டுவந்த மானிட்டர் திரையில் வங்கிகளே தங்கள் அந்நியச் செலாவணி விலையைப் போட்டன. அதைத் திரட்டி வங்கிகளுக்கே விற்றார்கள். அமெரிக்காவின் ப்ளூம்பெர்க் 1981-இல் இதே போன்ற சந்தைத் தரவு வியாபாரமாகத் தொடங்கியது. செய்திப் பிரிவு வந்தது 1990-இல்தான். அதன் டெர்மினல் எனும் தரவுத் திரை ஒன்றுக்கு ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல். ராய்ட்டர்ஸின் பழைய தரவு வியாபாரம் இப்போது லண்டன் பங்குச் சந்தைக் குழுமத்தின் கையில். அந்தத் திரைகளுக்குச் செய்தி கொடுக்க ராய்ட்டர்ஸுக்கு 30 ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது, ஆண்டுக்குக் குறைந்தது 32.5 கோடி டாலர்.

அந்தப் பணம் எதற்கு என்பது ரிசர்வ் வங்கி வட்டி அறிவிக்கும் நாளில் தெரியும். கவர்னர் காலை 10 மணிக்குப் பேசுவார். அதற்கு முன்பே செய்தி நிறுவனத்தின் ஆசிரியர் மேசையில் உயர்வு, குறைப்பு, மாற்றமில்லை என்று மூன்று தலைப்புகள் தயார். எண் மட்டும் காலி. அவர் சொன்னதும் எண்ணைப் போட்டு, இன்னொருவர் கண்ணால் பார்த்து, ஃப்ளாஷ் எனும் ஒற்றை வரி அவசரச் செய்தி போகும். சில நிமிடங்களில் இரண்டு பத்தி. பிறகு சந்தை எதிர்வினை சேர்த்து முழுக் காப்பி, அதாவது முழுச் செய்தி. அதையும் நாள் முழுக்கத் திருத்தி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பத்திரிகைக்குத் தேவை கடைசிக் காப்பி. சந்தையில் வாங்கி விற்கும் டீலர் காசு கொடுப்பது அந்த முதல் வரிக்கு.

வேகம் எவ்வளவு விலை போகும் என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நுகர்வோர் மனநிலைக் குறியீடு சாட்சி. அது வெளியான நேரம் பொதுமக்களுக்கு 10 மணி, தாம்சன் ராய்ட்டர்ஸ் சந்தாதாரர்களுக்கு 9.55, கணினி மூலம் வாங்கி விற்பவர்களுக்கு அதற்கும் இரண்டு விநாடி முன்பு. நியூயார்க் அட்டர்னி ஜெனரல் தலையிட்ட பிறகு, 2013 ஜூலையில் அந்த இரண்டு விநாடியை நிறுத்தினார்கள். இது உள்வர்த்தகம் (வெளியாகாத தகவலை வைத்து வாங்கி விற்பது) ஆயிற்றே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: இது தனியார் ஆய்வு, ஒப்பந்தம் போட்டு விற்கப்பட்டது. அரசுப் புள்ளிவிவரத்தின் கதை வேறு. அதற்காக இந்த இரண்டு விநாடி விற்பனையை நான் நியாயப்படுத்தவில்லை.

அவசரத்தில் எது கெடும்? 2016 நவம்பர் 22 அன்று பிரான்ஸின் வின்சி நிறுவனத்தின் பெயரில் போலி அறிக்கை ஒன்று வந்தது. ப்ளூம்பெர்க் சரிபார்க்காமல் ஃப்ளாஷ் போட்டது. பங்கு சில நிமிடங்களில் 18 சதவீதம் வரை சரிந்தது. ப்ளூம்பெர்க்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம். மேல்முறையீட்டில் 30 லட்சமானது. அறிக்கையில் அச்சிட்ட எண்ணுக்குப் போன் செய்து பயனில்லை, அதுவும் போலியாகவே இருக்கும். ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் எண்ணில்தான் கேட்க வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பி.டி.ஐ. காப்பி ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. நள்ளிரவில் அதைத் தமிழாக்குபவர் உதவி ஆசிரியர். காலையில் அச்சில் 'நமது நிருபர்' என்று வருகிறது. செய்தி சேகரித்தவருக்கும் பெயர் இல்லை, மொழிபெயர்த்தவருக்கும் இல்லை. இது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல. காப்பியில் பிழை இருந்தால் நிறுவனம் திருத்தம் அனுப்பும், மோசமான பிழை என்றால் 'கில்' என்று போட்டு முழுவதையும் திரும்பப் பெறும். மூலத்தின் பெயரை அழித்துவிட்ட இணையப் பக்கத்தில், எந்தச் செய்தியைத் திருத்த வேண்டும் என்று தேடவே வழியில்லை. பிழை அப்படியே கிடக்கிறது.