தீவிர வலதுசாரிக் கட்சிங்க சோஷியல் மீடியா படத்த வச்சு வெளியாளுங்கள எப்படிக் காட்டுறாங்க?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல வளர்ந்தவன் நான், ஐரோப்பாவெல்லாம் போனதில்ல, ஆனா இதே விஷயம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புலயே நடந்துச்சு, அதான் எழுதுறேன்.

பொய்யான படத்தப் போட்டுத்தான் ஏமாத்துறாங்கன்னு நினைக்கிறோம். பாதி நேரம் படம் உண்மைங்க. 2016 ஜூன்ல, ஐரோப்பிய யூனியன விட்டு பிரிட்டன் விலகணுமான்னு நடந்த பிரெக்சிட் ஓட்டுக்கு ஒரு வாரம் இருக்கிறப்ப, அந்த ஊரு யூகிப் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் ஒரு போஸ்டர் முன்னால நின்னாரு, வளைஞ்சு வளைஞ்சு வர்ற பெரிய அகதிக் கூட்டம், மேல ‘பிரேக்கிங் பாயின்ட்’னு எழுத்து, அதாவது இதுக்கு மேல தாங்காதுன்னு. போட்டோ அசல்தான், ஆனா எடுத்தது 2015-ல குரோஷியா, ஸ்லோவேனியா எல்லையில, பிரிட்டன் எங்க இருக்கு அது எங்க இருக்கு! அதுலயும் முன்னாடி பளிச்சுனு தெரிஞ்ச ஒரு வெள்ளைக்கார முகத்து மேல சரியா எழுத்துப் பெட்டி வந்து உக்காந்துகிச்சு.

இப்ப ஏஐ வந்துட்டதால கேமராவும் வேணாம். இத்தாலியில லேகாங்கிற தீவிர வலதுசாரிக் கட்சி போட்ட ஏஐ படங்க மேல 2025-ல எதிர்க்கட்சிங்க புகார் குடுத்தாங்க, சில படத்துல பாதிக்கப்பட்டவங்க முகத்த வேற மங்கலாக்கி இருக்காங்களாம், நெசமான ஆளுன்னு நம்பணும்ல. இல்லாத ஆளுக்கு முகத்த மறைக்கிறது, என்னா மூளை பாருங்க.

நான் கவனிச்ச வரைக்கும் சூத்திரம் ஒண்ணுதான், நம்மாளுன்னா தனியா, முகத்தோட, பேரோட, வெளியாளுன்னா கூட்டமா, முதுகா.

எங்க மாமா ஒரு ஞாயித்துக்கிழமை படம் ஒண்ணு அனுப்புனாரு, எங்க டவுன்ல பணம் அனுப்புற கடை வாசல்ல ஒரே கூட்டம், எல்லாம் முதுகு, மேல ‘நம்ம டவுன் இப்ப பங்களாதேஷ் ஆயிருச்சு’. அத்தை, சித்தப்பானு வரிசையா கோவ ஸ்டிக்கர். சம்பளம் போட்ட வாரம்ங்க அது, செம்பனைக் குலை வெட்டுற பசங்க ஊருக்குப் பணம் அனுப்ப நிக்கிறாங்க, அவ்ளோதான். (நாங்களே ‘பெண்டாத்தாங்’னு, அதாவது மலாய்ல வந்தேறின்னு, பேச்சு வாங்குன குடும்பம், அது தனிக் கதை.)

படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். இடது ஓரத்துல நீலச் சட்டை, பக்கத்து ஏடிஎம்முக்கு நிக்கிற நானு.

“மாமா, ஓரத்துல நிக்கிற பங்களாக்காரன் நான்தான்”னு போட்டேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு. பதில் இல்ல, படமும் இன்னும் குரூப்புலதான் கெடக்கு.