பரணிலிருந்து இறங்கிய ஸ்பெக்ட்ரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது பரணில் எங்கள் வீட்டின் முதல் கணினி கிடைத்தது. ரப்பர் விசைகள் வைத்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே. 1984இல் அப்பா வாங்கித் தந்தது. கூடவே மூன்று கேசட்டுகள். அதில் ஒன்றில் அண்ணா எழுதிய வீட்டுக் கணக்கு நிரல் இருக்கிறது. உறைமேல் அவருடைய கையெழுத்து. அண்ணா இப்போது இல்லை. கணினியின் அடாப்டரைக் காணவில்லை, ஆனால் எங்கள் இன்டர்நெட் ரூட்டரின் 9 வோல்ட் அடாப்டர் அதன் துளையில் சரியாகப் பொருந்துகிறது. செருகிப் பார்க்கலாமா? என் மகளுக்கு அந்த நிரலை ஓட்டிக் காட்ட வேண்டும்.

எஸ்.,
ஹாரோ, லண்டன்

அன்புள்ள எஸ்.,

செருகாதீர்கள். அந்த அடாப்டரை அந்த மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். அளவில் பொருந்துகிறது என்பதுதான் ஆபத்து. ஸ்பெக்ட்ரத்துக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர், செருகியின் நடுத்துளை மைனஸ், வெளிவளையம் பிளஸ். ரூட்டர் அடாப்டர்கள் அநேகமாக எல்லாமே இதற்கு நேர்மாறு. லேபிளில் வட்டமும் புள்ளியுமாக ஒரு சிறு படம் இருக்கும், அதில் நடுப்புள்ளி எந்தக் குறியோடு சேர்கிறது என்று பாருங்கள். மின்சாரம் தலைகீழாகப் போனால் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக இறக்கும் 7805 ரெகுலேட்டரும் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரும் போய்விடும். அவற்றின் பின்னால் மெமரி சிப்புகளும் போகக்கூடும். கிட்டார் பெடல்களுக்கு விற்கும் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை மைனஸ்தான், ஆனால் பல அடாப்டர்கள் அரை ஆம்பியருக்கு மேல் தராது. ஸ்பெக்ட்ரத்துக்கென்றே புதிதாகச் செய்து விற்கும் 9 வோல்ட், 1.5 அல்லது 2 ஆம்பியர் அடாப்டரை வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கணினியை மூடிவைத்துவிட்டுக் கேசட்டை எடுங்கள். ஸ்பெக்ட்ரத்தில் எது கெட்டாலும் இன்று மாற்றுப் பாகம் கிடைக்கும். அண்ணாவின் நிரலுக்கு இருப்பது அந்த நாடா ஒன்றுதான்.

கேசட்டின் ஜன்னல் வழியே பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டக்கூடாது, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாவை டேப் ரெக்கார்டரின் ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சு கேசட்டின் வாயில் இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது உதிர்ந்திருந்தால் சத்தம் ஏறி இறங்கும். இன்னொரு பழைய கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் அழிக்க முடியாது. பிறகு நாடாவை ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டினால் சுருளின் இறுக்கம் சீராகும். டேப் ரெக்கார்டரும் பழையதென்றால் அதன் ரப்பர் பெல்ட் கருப்புக் கூழாகியிருக்கலாம். புது பெல்ட் போட்டு, ஹெட்டையும் உருளைகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, வேறொரு உபயோகமில்லாத கேசட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள்.

நாடாவில் இருப்பது ஒலிதான். நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் சுமார் 807 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட கூவல் வரும், தலைப்புக்கு ஐந்து நொடி, தரவுக்கு இரண்டு நொடி. பிறகு பூஜ்யங்கள் ஏறக்குறைய 2,000 ஹெர்ட்ஸிலும் ஒன்றுகள் அதில் பாதியிலும் வரும். கணினி கேட்பது அலையின் ஏற்ற இறக்கம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்பதை மட்டும். ஆகவே காதுக்கு இனிமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை, அலையின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகு ஒன்று உண்டு. நாடா ஓடும்போதே அதைக் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பி, சத்தம் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பழைய நாடாக்கள் ஏறாமல் போவதற்கு நாடாவைவிட இந்தத் திருகே அதிகக் காரணம். டால்பி போன்ற இரைச்சல் குறைப்பு எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 வேண்டாம், அது அலையின் உருவத்தை மாற்றிவிடும். ஸ்டீரியோவில் பதிந்தால் இரண்டு தடங்களையும் கலக்காமல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கலக்கும்போது உச்ச ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

இந்தக் கோப்பைச் ஸ்பெக்ட்ரம் நாடா வடிவமாக மாற்ற இலவச நிரல்கள் உண்டு. ஃப்யூஸ் போன்ற எமுலேட்டரில் (பழைய கணினியைப்போல நடிக்கும் மென்பொருள்) அதை ஏற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் சரிபார்ப்பு பைட் ஒன்று இருக்கும். ஒரே ஒரு பிட் தவறினாலும் கணினி ‘ஆர் டேப் லோடிங் எரர்’ என்று கைவிரித்துவிடும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சரிபார்ப்பு தோற்ற பகுதியையும் அப்படியே கோப்பாக எடுக்க முடியும், பேசிக் மொழியில் எழுதிய நிரல் என்றால் அதைப் படிக்கவும் முடியும். பிரிண்ட், கோ டு போன்ற கட்டளை ஒவ்வொன்றும் ஒரே பைட். எண்களோ இரண்டு முறை இருக்கின்றன, திரையில் தெரியும் இலக்கங்களாக ஒருமுறை, அதையடுத்துக் கணக்குக்காக ஐந்து பைட்டுகளில் மறைவாக இன்னொரு முறை. ஸ்டீவ் விக்கர்ஸ் எழுதிய ஸ்பெக்ட்ரத்தின் 16கே ரோமில் (கணினியின் நிரந்தர நிரல் இருக்கும் சிப்) வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு இது. உங்கள் அண்ணாவின் கணக்கில் ஓர் இலக்கம் சிதைந்திருந்தால் மறைந்திருக்கும் ஐந்து பைட்டுகள் சரியான எண்ணைச் சொல்லிவிடும். 3கே அளவுள்ள ஒரு வீட்டு நிரல் நாடாவில் அரை நிமிடம்கூட எடுக்காது. ஆகவே ஐந்தாறு முறை பதிந்து, நல்லதைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது கணினிக்கு வரலாம். அடிப்பக்கத்தில் ஐந்து திருகுகள். கழற்றிவிட்டு மேல் மூடியைச் சட்டென்று தூக்காதீர்கள். விசைப்பலகையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் போர்டுக்குப் போகின்றன, ஒன்றில் எட்டுத் தடங்கள், மற்றதில் ஐந்து. அவற்றை ஆட்டாமல் நேராக மேலே இழுங்கள். இத்தனை வருடத்தில் பட்டை காய்ந்து அப்பளம்போல் ஆகியிருக்கும், மடித்தால் தடம் அறுந்துவிடும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐசி6 முதல் ஐசி13 வரை வரிசையாக எட்டு 4116 சிப்புகள். கீழ் 16கே மெமரி அதுதான். இந்தக் கணினியின் நோய்களில் பெரும்பகுதி அங்கேதான். 4116க்கு மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். 1ஆம் காலில் மைனஸ் 5, 8ஆம் காலில் பிளஸ் 12, 9ஆம் காலில் பிளஸ் 5 வோல்ட். 16ஆம் கால் தரை. 16க்கும் மற்ற மூன்றுக்கும் இடையே தனித்தனியாக அளந்து பாருங்கள். எங்காவது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட், மின்சாரம் கொடுக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் மீட்டரின் கருப்பு முனையை 7805இன் உலோகத் தகட்டில் வைத்து, பத்து நொடி மட்டும் மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு காலாக அளக்கலாம். மைனஸ் 5 இல்லையென்றால் உடனே பிடுங்கிவிடுங்கள். 4116க்கு அந்த மைனஸ் 5 அடித்தளம் மாதிரி. அது இல்லாமல் 12 வோல்ட் மட்டும் வந்தால் சிப் சூடேறிச் சாகும், அப்போது விரலால் தொட்டாலே எது செத்தது என்று தெரியும்.

மைனஸ் 5 ஏன் போகிறது? 9 வோல்ட்டிலிருந்து 12ஐயும் மைனஸ் 5ஐயும் உண்டாக்குவது ஒரு சிறு சுருளும் டிஆர்4, டிஆர்5 என்ற இரண்டு டிரான்சிஸ்டர்களும். அந்தக் காலத்தில் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்திலிருந்து ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸைப் பிடுங்கிய வீடுகள் ஏராளம். பிடுங்கும்போது இணைப்பு சற்றே கோணினால் தடங்கள் ஒன்றோடொன்று உரசி டிஆர்4 போய்விடும், அதன் பின்னால் மெமரி போய்விடும். டிஆர்4க்கு இசட்டிஎக்ஸ்650, டிஆர்5க்கு இசட்டிஎக்ஸ்213. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், சுருள் கருகியிருந்தால் அதையும். அதற்குப் பிறகுதான் மெமரி சிப்பில் கை வைக்க வேண்டும். வரிசை மாறினால் புது சிப்பும் எரியும். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களை எப்படியும் மாற்றிவிடலாம், முழு செட்டாகவே கிடைக்கிறது. பிளஸ் மைனஸ் திசையை மட்டும் போர்டைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு சரிபாருங்கள். 7805 மிகவும் சூடாகும், அது நோயல்ல. மிஞ்சும் வோல்ட்டையெல்லாம் வெப்பமாக்கித் தள்ளுவதுதான் அதன் வேலை.

படம் எங்கே பார்ப்பது என்பது அடுத்தது. ஸ்பெக்ட்ரம் பழைய ஆன்டெனா வழியில், யுஎச்எஃப் 36ஆம் சேனலில் படம் அனுப்பும். டிஜிட்டல் ட்யூனர் மட்டுமுள்ள டிவியில் அது வராது. எளிய வழி, டிவியின் வீடியோ துளைக்கு நேரடியாகப் படம் அனுப்பும் காம்போசிட் மாற்றம். போர்டிலிருந்து, படத்தை ஆன்டெனா அலையாக மாற்றும் மாடுலேட்டர் பெட்டிக்குள் இரண்டு கம்பிகள் போகின்றன, ஒன்று 5 வோல்ட், மற்றது படம். இரண்டையும் கழற்றி 5 வோல்ட் கம்பியை நன்றாக மூடிவிடுங்கள். பெட்டிக்குள் ஆன்டெனாத் துளையின் நடுமுனைக்கு வரும் பழைய இணைப்பையும் எடுத்துவிட்டு, படக் கம்பியை 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக அந்த நடுமுனையில் சால்டர் செய்யுங்கள். கெப்பாசிட்டரின் பிளஸ் பக்கம் போர்டை நோக்கி இருக்க வேண்டும்.

திரை ஒரு கணம் கருத்து, பின் வெளுத்து, அடியில் 1982 என்ற காப்புரிமை வரி வந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். கோடு கோடாகவோ கட்டம் கட்டமாகவோ நின்றால் கீழ் 16கேயைச் சந்தேகியுங்கள். வரி வந்த பிறகு ‘பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733’ என்று கேளுங்கள். 65535 என்றால் முழு 48கேயும் நலம். 32767 என்றால் மேல் 32கே போயிருக்கிறது, ஆனாலும் கணினி 16கே மாடல்போல ஓடும். அந்த 32கே சிப்புகள் உண்மையில் ஒரு பாதி பழுதான 64கே சிப்புகள். நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தும்படி போர்டில் ஓர் இணைப்பு வைத்து, விலையை 175 பவுண்டில் நிறுத்தினார்கள். முழுதும் நல்ல 4164 சிப்பை அங்கே போட்டாலும் வேலை செய்யும். இந்தச் சிக்கனத்தை நான் குறையாகப் பார்ப்பதில்லை. அது இல்லையென்றால் எத்தனையோ வீடுகளுக்குக் கணினி வந்தே இருக்காது.

சில விசைகள் வேலை செய்யாவிட்டால் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். 1 முதல் 5 வரைபோல அடுத்தடுத்த ஐந்து விசைகள் சேர்ந்து போனால் எட்டுத் தடப் பட்டையில் ஒரு தடம் அறுந்திருக்கிறது. 1, 0, க்யூ, பி (P), ஏ, எண்டர், கேப்ஸ் ஷிஃப்ட், ஸ்பேஸ் என்று இரு ஓர விசைகளும் சேர்ந்து போனால் ஐந்து தடப் பட்டை. அறுந்த இடம் நுனியில் என்றால் சில மில்லிமீட்டர் நேராக வெட்டிவிட்டு மீண்டும் செருகலாம். இல்லையென்றால் புது மெம்பிரேன் (விசைகளுக்கு அடியில் இருக்கும், தடங்கள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்). மேலுள்ள உலோகத் தகட்டை ஹேர் டிரையரால் சூடாக்கி மெதுவாகக் கிளப்புங்கள், ஒருமுறை வளைந்தால் நேராகாது. இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெசிபெல்ஸ் நிறுவனம் 1980களில் விற்ற டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் உங்களிடம் இருந்தால் அதன் மெம்பிரேன் வேறு. ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள்.

நிரலை ஏற்றக் கேசட்டை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. பதிந்த வேவ் கோப்பை, ஒலியை மெருகேற்றும் அமைப்புகளையெல்லாம் அணைத்து, முக்கால் சத்தத்துக்கு மேல் வைத்து, கணினியின் இயர் துளைக்கு அனுப்புங்கள். ஜே விசையை அழுத்தினால் லோட். சிம்பல் ஷிஃப்டோடு பி (P) இரண்டு முறை, எண்டர். கூவலுக்குச் சிவப்பும் வெளிர்நீலமுமாகத் திரையின் ஓரம் பட்டை போடும், தரவுக்கு நீலமும் மஞ்சளும். இடையில் உங்கள் அண்ணா வைத்த பெயர், அதிகபட்சம் பத்து எழுத்து, திரையில் வரும். நிரல் தானாக ஓடத் தொடங்கினால் கேப்ஸ் ஷிஃப்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள். பிறகு கே விசை, லிஸ்ட், எண்டர். 22 வரி நிறைந்ததும் அடியில் ‘ஸ்க்ரோல்?’ என்று கேட்கும். ‘என்’ (N) விசையும் ஸ்பேஸும் தவிர வேறு எதை அழுத்தினாலும் அவர் எழுதியது தொடர்ந்து வரும்.