கப்பல் பாட்டும் யூஃபோனியமும்

கேள்வி: கடலூரில் ஒரு பேண்டு செட்டில் யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவி வாசிக்கிறேன். இங்கிலாந்து மாலுமிப் பாட்டுகளை வைத்து எழுதிய தனி வாசிப்பு ஒன்றைப் பழகுகிறேன். சுரம் சரிதான், உயிர் இல்லை என்கிறார் மாஸ்டர். என்ன செய்வது?
- ஒரு வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: மாஸ்டர் சொல்வதைக் கேளுங்கள். இவை மேடைக்காகப் பிறந்த பாட்டுகள் இல்லை, பாய்மரக் கப்பலில் வேலை செய்துகொண்டே பாடியவை. பாய் ஏற்றும்போது ஒருவர் வரி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பதில் வரி பாடிக்கொண்டே அதில் ஒரு குறிப்பிட்ட சொல்லில் எல்லாரும் சேர்ந்து கயிற்றை இழுப்பார்கள். அந்த இழுப்பு எங்கே விழுகிறது என்று பார்த்து நோட்டில் பென்சிலால் குறியுங்கள், நாக்கு அழுத்தம் அங்கே மட்டும் போதும். எல்லா சுரத்தையும் ஒரே பலத்தில் ஊதினால் உயிர் எப்படி வரும்?

நங்கூரம் தூக்கும் பாட்டு வேறு. நங்கூரத்தை மேலே இழுக்கும் உருளையைத் தள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார்கள், அதனால் நடை சீராகப் போக வேண்டும்.

உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள், ‘ஏலேலோ’ என்று ஒருவர் எடுக்க மற்றவர்கள் ‘ஐலசா’ என்று இழுப்பதும் இதே அமைப்புதான். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. அப்புறம், தனியாக வாசிக்கும் நீங்கள்தான் வரி எடுத்துக் கொடுப்பவர், பேண்டுதான் கூட்டம். உங்கள் வரியில் தாளத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம், அந்தக் காலத்துப் பாடகர்களும் இஷ்டத்துக்கு வரி சேர்த்தவர்கள்தானே. பதில் வரி மட்டும் பிசகாமல் விழட்டும், மூச்சையும் அந்த இடத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.